குதிரை பழக்கப் போன பிள்ளை

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் முன்னே ஒரு நாழிகை நின்று கவனிப்போர்க்கு இந்நகர மக்களின் மனம் விளங்கிவிடும். தேர்வெழுதச் செல்லும் மாணவர், புதுக்கடை திறக்கும் வணிகர், வண்டி வாங்கியவர், வெளிநாடு புறப்படுபவர் யாவரும் கையில் தேங்காயோடு வந்து நிற்பர். எதனைத் தொடங்குமுன்னும் இங்கே ஒரு காய் உடைத்துவிட்டுச் செல்வது இவ்வூர் வழக்கம். திருவிதாங்கூர் நாயர் பட்டாளத்தார் போற்றிவந்த இக்கோயில் இன்று இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெண்டின் பொறுப்பில் உள்ளது. எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையினின்றும் வந்து சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்த நாளில் இவ்விடத்தில்தான் காய் உடைத்தாராம். எம் பிள்ளைகளை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பிய நாட்களில் யாமும் அவ்வாறே செய்தோம்.

ஒரே ஒரு பயணத்திற்கு மட்டும் யாம் காய் உடைக்கவில்லை. எம் மகன் 2018-ஆம் ஆண்டில் கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுக் குதிரை பழக்கும் தொழிலைக் கற்கப் பெங்களூருக்குப் புறப்பட்டான். கூப்பிடு தூரத்திலுள்ள தம்பானூர் இரயில் நிலையத்திற்குக்கூட யாம் செல்லவில்லை. அவன் அன்னை மட்டும் சென்று வழியனுப்பிவிட்டு வந்தாள். யாம் கடையில் அமர்ந்து, வராத கணக்கை வந்ததாகவும் வந்த கணக்கை வராததாகவும் எழுதிக்கொண்டிருந்தோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இத்தகைய விருப்பமுடைய பிள்ளைகள் இருத்தல் கூடும். அவர்தம் பெற்றோர் எம்மைப்போல் நான்காண்டுகளை வீணாக்காதிருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

அவனுக்குக் குதிரைமேல் நாட்டம் உண்டானதற்கு யாமே காரணம் என்று சொல்லல் வேண்டும். கோட்டைக்குள்ளே பத்மநாபசுவாமி கோயிலின் அருகில் குதிரைமாளிகை இருப்பதை அன்பர்கள் அறிவர். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த அம்மாளிகையின் இறவாரத்தின்கீழ், மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாய் நிற்கின்றன. எம் மகனுக்கு எண் கற்பித்தது அம்மரக் குதிரைகளைக் காட்டித்தான். நூறைத் தாண்டி எண்ணத் தெரிந்துகொண்ட அன்று அவன் எம்மை நோக்கி, “இவை ஏன் அப்பா கீழே இறங்கி வருவதில்லை?” என்று கேட்டான். சிரித்துவிட்டு, ஆறாட்டு நாளில் உயிருள்ள குதிரையைக் காட்டுவதாக வாக்களித்தோம்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் சுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுவார். விமான நிலையத்தாரும் அன்று போக்குவரத்தை நிறுத்தி ஓடுபாதையின் வழியே ஊர்வலத்தைச் செல்லவிடுவர். மேற்குக் கோட்டை வாயிலருகே பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றோம். குதிரைப் போலீசார் வந்தனர். மேளமும் வெடியும் மக்கள் நெருக்கமும் சூழ்ந்திருக்க, அக்குதிரைகள் காதுகளை மட்டும் அசைத்துக்கொண்டு சீராக நடந்து சென்றன. எல்லாக் குழந்தைகளும் யானையைப் பார்த்துக் கொண்டிருந்தபோது எம் பிள்ளை குதிரையையே பார்த்தான். “அதற்குப் பயமில்லையா?” என்று கேட்டான். பழக்கியிருக்கிறார்கள் என்றோம். “யார்?” என்றான். அதற்கு விடை எமக்குத் தெரியாது. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் அவனே அவ்விடையைத் தேடிப் புறப்பட்டுவிட்டான்.

யாம் சினந்ததன் காரணத்தை ஒளிப்பதில் பயனில்லை. வருமானம் என்னாகும் என்ற கவலை இருந்தது உண்மையே. ஆயினும் அதனினும் பெரிதாக எம்மை அரித்தது உறவினர் நகைப்பு. “பாத்திரக்கடைக்காரர் மகன் லாயம் பெருக்குகிறானாம்” என்று யாரேனும் திருமண வீட்டில் சொல்லிவிடுவாரே என்ற அச்சமே எம் வாயை அடைத்தது. அவன் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் கருவியை அவன் அன்னையிடம் கொடுத்துவிட்டு வெளியே சென்றுவிடுவோம்.

குதிரையோடு தமிழருக்குள்ள உறவு நெடியது. கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளோடு சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவர். ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி நம்மைத் தலைகுனியச் செய்வது. அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினராம். அவற்றைப் பேணும் முறை அறியாமையால் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் மடிந்துபோயினவாம். அரசர் கருவூலத்தில் பொன் இருந்தது. லாயத்தில் தொழில் அறிந்தவன் இல்லை. இச்செய்தியை யாம் படித்தது பிற்பாடு. முன்னமே படித்திருந்தால் லாயம் பெருக்குதலை அவ்வளவு இழிவாக எண்ணியிரோம்.

2022-ஆம் ஆண்டு மார்கழியில் அவன் அன்னையின் வற்புறுத்தலால் பெங்களூர் சென்றோம். நகருக்கு வெளியே உள்ள அக்குதிரையேற்றப் பள்ளியை அடைந்தபோது விடியற்காலை. பனி விலகவில்லை. எம் மகன் முழங்கால்வரை சேறும் வைக்கோலுமாய் ஒரு கொட்டடியைத் தூய்மை செய்துகொண்டிருந்தான். எம்மைக் கண்டவுடன் கையிலிருந்த முள்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “வாருங்கள் அப்பா” என்றான். அத்துடன், “பின்புறமாக வராதீர்கள், அதற்குத் தெரியாது” என்றும் சொன்னான். குதிரையின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. ஏறத்தாழச் சுற்றிலும் அது காணும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் உள்ளதைக் காணாது. ஆதலின் தோளருகே வந்து, குரல் கொடுத்து, பின்னரே தொடுதல் வேண்டும். நான்காண்டுகளுக்குப்பின் எம்மோடு அவன் பேசிய முதற் பேச்சு இதுதான்.

அன்று முழுவதும் அவனோடு இருந்து அத்தொழிலின் படிகளைக் கேட்டறிந்தோம். முதலாண்டு முழுவதும் அவனைக் குதிரைமேல் ஏறவே விடவில்லையாம். தேய்த்துக் குளிப்பாட்டல், குளம்பு தோண்டித் தூய்மை செய்தல், கொள்ளும் தவிடும் குதிரைமசாலும் அளந்து வைத்தல், லாடம் அடிப்பவர்க்குக் கால்பிடித்தல் ஆகியவையே பாடம். குதிரையின் இரைப்பை சிறிது. அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஒருவேளைத் தீனி மாறினாலும் வயிற்றுவலி கண்டு மாண்டுபோதல் உண்டு. ஆகவே சாணத்தைப் பார்த்து உடல்நிலை அறியாதவன் பயிற்சியாளன் ஆகான். யாம் இழிவென்று எண்ணிய சாணமே அவனுக்கு முதற் பாடநூலாய் இருந்திருக்கின்றது.

இரண்டாம் ஆண்டில் பழகிய முதிய குதிரைகள்மீது ஏறக் கற்றான். “முதிய குதிரை மனிதனுக்குக் கற்பிக்கும், கற்ற மனிதன் இளங்குதிரைக்குக் கற்பிப்பான். இருவரும் கற்றுக்குட்டிகளாயிருந்தால் இருவரும் விழுவர்” என்று அவன் ஆசிரியர் சொல்வாராம். பின்னர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்துதல், இரு கயிறுகளைப் பிடித்துப் பின்னே நடந்து திருப்புதல் ஆகியவற்றைப் பழகினான். அதன்பின்னரே இளங்குதிரை ஒன்றை அவன் பொறுப்பில் விட்டனர்.

இளங்குதிரையைப் பழக்குவது எப்படி என்பதை ஈண்டுச் சுருங்கச் சொல்வோம். பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிவிடுகின்றது. தடை தாண்டுதல், நடைநயம் காட்டும் டிரெஸ்ஸாஜ், இவ்விரண்டோடு காடுமேடு கடந்தோடும் ஓட்டத்தையும் சேர்த்த ஈவென்டிங் ஆகிய விளையாட்டுகளுக்குரிய குதிரையோ அவ்வாறன்று. குதிரையின் எலும்புகள் காலின் அடியிலிருந்து மேல்நோக்கி முதிர்கின்றன. ஆளைச் சுமக்கும் முதுகெலும்பு கடைசியிலேதான் முற்றும். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆகவே மூன்று வயதளவில் சேணத்தை முதுகில் வைத்துக் காட்டுவர். சில நாள் வெறுஞ்சேணம். சில நாள் சேணத்தின்மேல் ஆள் குறுக்கே படுத்தல். பின்னர் சில நிமிட நடை. இடப்புறம் கற்பித்ததை வலப்புறமும் கற்பிப்பர். நான்கு வயதில் நிலத்தில் கிடக்கும் கம்புகளைத் தாண்டி நடக்கும். சிறு தடைகளைத் தாண்டுதல் அதற்குப் பின். ஒலிம்பிக் விளையாட்டில் டிரெஸ்ஸாஜுக்கும் ஈவென்டிங்குக்கும் எட்டு வயதும், தடை தாண்டுதலுக்கு ஒன்பது வயதும் நிரம்பாத குதிரையை ஏற்பதில்லை. பிறந்த குட்டியை அவ்வரங்கிற்குக் கொண்டுசெல்ல விரும்புவோன் எட்டொன்பது ஆண்டுகள் காத்திருக்கத் துணிதல் வேண்டும்.

ஜெர்மானியக் குதிரைப்படையின் வழிவந்த ஆறு படிகளை இத்துறையினர் இன்றும் போற்றுகின்றனர். நடையின் சீர், உடலின் தளர்வு, கடிவாளத்தோடு இணக்கம், பின்கால்களின் உந்துதல், உடலின் நேர்மை, இறுதியாக உடல் முழுவதையும் ஒருங்கே திரட்டி நிற்கும் ஆற்றல் என்பன அவை. முதற்படி நிலைக்காமல் மூன்றாம் படிக்குத் தாவினால் கட்டடம் சரியும்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டே எம் மகன் ஒரு குதிரையை வெளியே நடத்தி வந்தான். செந்நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. “சுட்டி” என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தனர். ஐந்து வயது. தரையில் கிடந்த நான்கு கம்புகளின்மேல் அதனை மெல்ல மெல்ல நடத்தினான். ஒவ்வொரு கம்பின் முன்னும் அது தயங்கிற்று. அவன் இழுக்கவுமில்லை, அதட்டவுமில்லை, அருகே நின்றான். அது மூச்சை விட்டு ஒரு காலை எடுத்து வைத்தவுடன் கயிற்றைத் தளர்த்திக் கழுத்தைத் தடவிக்கொடுத்தான்.

“ஐந்து வயதுக் குதிரை இன்னும் கம்பைக் கண்டு அஞ்சுகிறதே?” என்று கேட்டோம். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அது என் பிழை அப்பா” என்றான்.

நடந்தது இது. முந்தைய ஆண்டு நான்கு வயதாயிருந்த சுட்டி, தடைகளை விளையாட்டாகவே தாண்டிற்றாம். அதன் திறம் கண்டு இவன் மயங்கினான். ஆண்டிறுதிப் போட்டியில் எப்படியேனும் அதனை நிறுத்திப் பெயர் பெற்றுவிட வேண்டும் என்று எண்ணினான். “வீட்டுக்குச் செய்தித்தாளை அனுப்பலாம், நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்” என்றான். ஆசிரியர் ஊரிலில்லாத பத்து நாட்களில் தடையை நாள்தோறும் உயர்த்தினான். எட்டாம் நாள் களைத்திருந்த குதிரை தடையில் மோதிக் கம்புகளோடு விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆயினும் அன்றுமுதல் எக்கம்பைக் கண்டாலும் வியர்த்து நடுங்கி நின்றுவிட்டது. ஆசிரியர் திரும்பிவந்து கேட்டபோது இவன் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் வைதாரில்லை. “எட்டு நாளில் கெடுத்ததை எட்டு மாதத்தில் திருத்த முடிந்தால் நீ பயிற்சியாளன்” என்று மட்டும் சொல்லி, மீண்டும் கயிற்றிலிருந்து தொடங்கச் செய்தாராம். யாம் கண்டது பதினோராம் மாதம்.

கேட்டுக்கொண்டிருந்த எமக்கு அக்குதிரையைப் பார்க்கவும் கூசிற்று. தந்தையின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை பதறினான். அப்பதற்றத்தின் விலையை வாயில்லாப் பிராணி கொடுத்தது. தொலைபேசியை ஒருமுறை காதில் வைத்து, “எப்படியப்பா இருக்கிறாய்?” என்று யாம் கேட்டிருந்தால் அந்த எட்டு நாட்கள் நிகழாமலே இருந்திருக்கலாம். அன்று மாலை அவனிடம் இதனைச் சொல்ல முயன்றோம். சொல் வரவில்லை. “கொள்ளு என்ன விலை?” என்று கேட்டோம். அவனும் விலை சொன்னான். எமக்குள் அவ்வளவே போதுமாயிருந்தது.

ஊர் திரும்பியபின் பாளையத்துப் பொது நூலகத்தில் தேடிப் படித்தோம். சற்றொப்ப 3,400 ஆண்டுகளுக்குமுன் மிதன்னி நாட்டினனான கிக்குலி என்பான், தேர்க்குதிரைகளை 214 நாட்களில் பழக்கும் முறையைக் களிமண் பலகைகளில் எழுதுவித்தான். அதில் வடமொழியை ஒத்த எண்ணுப்பெயர்கள் வருவதை அறிஞர் எடுத்துக்காட்டுவர். கிரேக்க நாட்டுச் செனொபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே, சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றும், அச்சுறுத்திச் செய்விப்பதில் அழகு இராது என்றும் எழுதினார். நம் பாரதத்திலும் விராடன் அவையில் குதிரைகளைப் பேணும் பணியை ஏற்றவன் பாண்டவருள் ஒருவனான நகுலன் அன்றோ? அரசிளங்குமரன் செய்த வேலையைப் பாத்திரக்கடைக்காரர் மகன் செய்வதில் யாம் கண்ட குறை என்ன என்று எம்மையே கேட்டுக்கொண்டோம்.

இத்தொழிலில் வழி உண்டா என்று கேட்கும் பெற்றோர்க்குச் சில சொற்கள். ஜெய்ப்பூரிலுள்ள 61-ஆம் குதிரைப்படை, மீரட்டில் மையங்கொண்ட படைக் கால்நடைப் பிரிவு, மாநிலக் குதிரைப் போலீஸ் ஆகியன அரசு வழிகள். தனியார் குதிரையேற்றப் பள்ளிகள் பெருநகரங்களில் உள்ளன. 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஈவென்டிங்கில் தங்கம் வென்றார். அதன்பின் 36 ஆண்டுகள் கழித்து, 2018-இல் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா தனியர் போட்டியில் வெள்ளி வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம் பெற்றார். 2023-இல் ஹாங்சோவில் நம் டிரெஸ்ஸாஜ் அணியினர் நால்வர் தங்கம் கொணர்ந்தனர். இவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். நோய்த்தடைச் சட்டங்களால் இந்தியக் குதிரை அயல்நாட்டுப் போட்டிகளுக்குச் செல்வது நெடுங்காலம் அரிதாயிருந்தது. 2025-இல் மீரட்டிலுள்ள நோயற்ற குதிரைத் தொகுதியை உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. இங்கே பிறந்து இங்கே பழகிய குதிரை கடல்கடந்து சென்று போட்டியிடும் நாள் இதனால் நெருங்குகின்றது. அந்நாளில் இளங்குதிரையைப் பொறுமையாக வளர்க்கத் தெரிந்த கைகள் இந்நாட்டில் வேண்டும்.

இடர்களையும் மறைத்தல் தகாது. தொடக்க ஆண்டுகளில் ஊதியம் குறைவு. விழுதலும் எலும்பு முறிதலும் உண்டு. தலைக்கவசமும் மருத்துவக் காப்பீடும் இன்றிப் பிள்ளையை அனுப்பலாகாது. படிப்பை அடியோடு விடாமல் அஞ்சல்வழியேனும் பட்டம் பெறச் செய்தல் நன்று. எம் மகன் அவ்வாறே முடித்தான். பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் அங்குள்ள கோப்பைகளைக் காண்பதைவிட, பன்னிரண்டு பதினைந்து வயதான குதிரைகள் அங்கே நலமாக நிற்கின்றனவா என்று காண்பது மேல். இளமையில் பதறாது பழக்கப்பட்டவையே அவ்வயதிலும் நோவின்றி உழைக்கும்.

எம் கடையை இருபதாண்டுகளாக எம்மோடு உழைத்த பணியாளர் இனி நடத்துவார். மகன் வந்து அமர்வான் என்று ஒழித்து வைத்திருந்த நாற்காலியில் இப்போது அவர் அமர்கின்றார். முதல் வாரம் அதனைக் காண மனம் வலித்தது, பொய் சொல்வானேன்?

2024-ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு மகனிடமிருந்து அழைப்பு வந்தது. கருவியை யாமே எடுத்தோம். மறுநாள் சுட்டிக்கு முதற் போட்டி என்றான். அதற்கு ஏழு வயது ஆகியிருந்தது. விடியுமுன் எழுந்து, பழவங்காடிக்கு நடந்து சென்று ஒரு காய் உடைத்தோம். ஆறாண்டுகளுக்குமுன் உடைத்திருக்க வேண்டிய காய் அது.

மாலையில் அவன் பேசினான். பரிசு கிடைக்கவில்லை, பதினொன்றாம் இடமாம். இரண்டு கம்புகளைத் தட்டிவிட்டதாம். “ஆனால் எந்தத் தடையிலும் நிற்கவில்லை அப்பா. முடிந்தபின் வியர்க்கவும் இல்லை” என்றான். அவன் குரலில் இருந்த நிறைவை இதுவரை எம் கடையின் எந்த நல்ல வியாபார நாளிலும் யாம் கேட்டதில்லை.

மறுநாள் சென்று இன்னொரு காய் உடைத்தோம்.